இடப்பக்கம் சாய்ந்த முள்

"எங்க வீட்ல அஞ்சு பேர்" என்று பந்து எல்லோரிடமும் சொல்வான். அப்பா, அம்மா, அக்கா, அவன், அப்புறம் பெரியவர்.

பெரியவர் சாப்பாடு கேட்க மாட்டார். பாயும் தலையணையும் கேட்க மாட்டார். பின்வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஸ்டாண்டு போட்டு நிற்பார். அவர் ஒரு மோட்டார் சைக்கிள். அப்பாவையும் அம்மாவையும்விட வயதில் மூத்தவர் என்பதால் அந்த வீட்டில் யாரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை. "பெரியவர் மேல ஈரத் துணியைப் போடாதே", "பெரியவருக்கு முகம் தொடச்சாச்சா?" என்றுதான் பேச்சு.

பந்து என்பது நிஜப் பெயர் அல்ல, பட்டப்பெயர். நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருப்பதால் வந்தது. அவன் அக்காவுக்கும் ஒரு பட்டம் உண்டு: நோண்டி. பேனா, டார்ச் லைட், கடிகாரம் என்று எது கையில் கிடைத்தாலும் திறந்து பார்த்துவிடுவாள். திரும்ப மூடும்போது ஒரு திருகாணியாவது மிச்சம் இருக்கும்.

"மிச்சம் வந்தா என்ன? ஓடுதுல்ல?" என்பாள்.

அப்பா ஒரு சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அந்தக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். அப்போதுதான் அவரால் வீட்டுக்குப் பேச முடியும். பந்து பள்ளிக்கூடத்துச் சண்டைகளைச் சொல்வான். நோண்டி புதிதாகத் திறந்து பார்த்த பொருட்களைச் சொல்வாள். அம்மா, "நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?" என்று கேட்பார். எல்லாம் முடிந்த பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"சரி, பெரியவர் இருக்காரா? கொஞ்சம் பேசச் சொல்லுங்க."

உடனே மூவரும் கொட்டகைக்கு ஓடுவார்கள். அம்மா சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக ஒருமுறை அமுக்கிப் பார்த்து, அப்புறம் ஓங்கி ஓர் உதை விடுவார். பெரியவர் இருமிக்கொண்டு எழுந்திருப்பார். டப்... டப்... டப்... என்று அவசரமே இல்லாத சத்தம். பந்து ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரனையும் அடிப்பான். நோண்டி பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடித்துக்கொள்வாள்.

"முறுக்காதீங்க. அந்த மெதுவான சத்தம்தான் வேணும்" என்பார் அப்பா. அப்புறம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒருமுறை நோண்டி கேட்டாள்: "அப்பா, உங்களச் சுத்தி நாள் முழுக்க எஞ்சின் சத்தம்தானே? இது எதுக்கு?"

"இங்க இருக்கிற எஞ்சின் என்னைத் தூரமாத் தூக்கிட்டுப் போகுதும்மா. நம்ம வீட்டு எஞ்சின்..."

"நம்ம வீட்டு எஞ்சின்?"

"சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று அப்பா வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் பேசவில்லை.

அம்மா உதைத்தார். மறுபடியும் உதைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உதைத்தார். பந்து ஹாரனை அழுத்தினான். சளி பிடித்தவர் கனைப்பதுபோல 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ஹெட்லைட் மஞ்சளாக மினுங்கி அணைந்தது.

"பரவாயில்ல, விடுங்க. வயசானவரு. அடுத்த வாரம் பேசட்டும்" என்றார் அப்பா. ஆனால் அன்று அவர் சீக்கிரமே ஃபோனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஸ்பேனர் சித்தப்பா வந்தார். அவர் அப்பாவின் சிநேகிதர், கடைத்தெருவில் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிகளோடு பேசிக்கொண்டேதான் வேலை பார்ப்பார்.

"என்ன பெரியவரே, கோபமா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதை ஒயரில் மாட்டி, எஞ்சின் மேல் படுக்க வைத்து, கிக்கரை அமுக்கினார். "இந்த நுனியைப் பாருங்க. நீலமா ஒரு வெட்டு வெட்டணும். வருதா?"

"வரல" என்றாள் நோண்டி.

"பேட்டரி காலி. பேட்டரியில கரண்ட் இல்லன்னா பிளக்குல நெருப்பு வராது. நெருப்பு இல்லன்னா பெட்ரோல் பத்தாது. பெரியவர் எப்படி எந்திரிப்பாரு?"

பேட்டரியை எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். மாட்டினார். ஒரே உதை. பெரியவர் கிளம்பிவிட்டார். சித்தப்பா ஏறி உட்கார்ந்து, நன்றாக முறுக்கி, ரெண்டு தெரு சுற்றிவிட்டு வந்து இறங்கினார்.

"ஜம்முனு இருக்காரு!"

சில வாரம் ஜம்மென்றுதான் இருந்தார். அப்புறம் ஹாரனுக்குச் சளி பிடித்தது. அப்புறம் பழையபடி மௌனம். சித்தப்பா புது பேட்டரியே வாங்கி மாட்டினார். அதுவும் அதேபோலப் படுத்துவிட்டது. சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார். வண்டி ஓடும்போது பேட்டரியை நிரப்பும் டைனமோவைக் கழற்றிப் பார்த்தார். துடைத்தார், இறுக்கினார், மறுபடியும் தெருவைச் சுற்றி வந்தார்.

"எல்லாமே சரியா இருக்கு அண்ணி" என்றார் அம்மாவிடம். "எனக்கு அதுதான் பயமா இருக்கு. நான் ஓட்டினா நல்ல பிள்ளையா இருக்காரு. நான் போனதும் நடிக்கிறாரு."

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃபோனில் ஒரு செய்தி சொன்னார். அவருடைய கப்பல் வேறு பாதைக்கு மாறுகிறது. பெரிய கடலைத் தாண்டிப் போக வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அடுத்த கரை வரும்வரை ஃபோன் கிடையாது. அந்தக் கரை எப்போது வரும் என்று அப்பா சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"அன்னைக்கு மட்டும் பெரியவரைப் பேச வெச்சுடுங்கப்பா" என்றார். "அதைக் காதுல வாங்கிட்டுப் போயிட்டா போதும்."

"ரெக்கார்ட் பண்ணி அனுப்பட்டுமாப்பா?" என்று கேட்டாள் நோண்டி.

"போன தடவை அனுப்பினியே, கேட்டேன். ஃபோட்டோவுக்குக் கை குடுத்த மாதிரி இருந்துச்சு."

அன்று அம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"போதும். பெரியவரை மூடி வெச்சிடலாம். தூசியாவது படியாம இருக்கும். அப்பா வந்து அவரே பார்த்துக்கட்டும்."

நோண்டி போர்வையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்கு வேண்டாத பொருளைத்தானே மூடி வைப்பார்கள்?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூடாதம்மா. நான் யோசிக்கறேன்."

"சித்தப்பாவுக்கே பிடிபடல. நீ யோசிச்சு?"

"கொஞ்சம் யோசிக்கறேனே."

நோண்டி பெரியவர் முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் திறக்க என்ன பாக்கி இருக்கிறது? சித்தப்பாதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டாரே. சித்தப்பா கிளப்பினால் நன்றாக இருக்கிறார். நாம் கிளப்பினால் கொஞ்ச நாளில் படுத்துவிடுகிறார். அப்படியென்றால்...

அவள் எழுந்து கடைத்தெருவுக்கு ஓடினாள்.

"சித்தப்பா, நீங்க பெரியவரைச் சோதிச்சது போதும். எங்களைச் சோதிங்க."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை நாங்க என்னென்ன செய்வோமோ, எல்லாத்தையும் உங்க முன்னாடி அப்படியே செய்யறோம். நீங்க பாருங்க."

சனிக்கிழமை பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றி எடுத்துக்கொண்டு சித்தப்பா வந்தார். கொட்டகையில் ஒத்திகை தொடங்கியது.

"ஃபோன் வந்து பேசி முடிச்சாதானே பெரியவரைக் கிளப்புவீங்க? ஃபோன்ல அண்ணன் இல்லையே?" என்றார் சித்தப்பா.

"நீங்கதான் அண்ணன்" என்று நோண்டி அவர் கையில் ஒரு காலி சோப்பு டப்பாவைக் கொடுத்தாள்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வேறு வழியில்லாமல் சித்தப்பா பக்கத்திலிருந்த குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ. நான்... அப்பா பேசறேன்."

"அப்பா இப்படியா பேசுவார்? 'என்ன பண்றீங்க வானரங்களா'ன்னு கேக்கணும்" என்றான் பந்து.

"என்ன பண்றீங்க வானரங்களா?"

அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பந்து மட்டும் சிரிக்கவில்லை. உள்ளங்கையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசத் தொடங்கினான்.

"அப்பா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு."

"அப்படியா? எந்தப் பல்லு?"

"முன்பல்லு. அப்பா, உங்க செருப்பை தினமும் போட்டுப் பார்க்கறேன். இன்னும் பெரிசாத்தான் இருக்கு. அது எனக்குச் சரியாகறதுக்குள்ள வந்துருவீங்களா?"

சித்தப்பா டப்பாவைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார்.

"வந்துருவேன்டா" என்றார். இந்தத் தடவை குரலை மாற்றாமல்.

அம்மாவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி சரி, பெரியவரைக் கிளப்பணும்" என்று கிக்கரை உதைத்தார்.

டப்... டப்... டப்... பெரியவர் எழுந்துவிட்டார். பந்து ஹெட்லைட்டைப் போட்டான். ஹாரனை அடித்தான். நோண்டி வழக்கம்போலப் பின்பக்கம் ஓடப்போனவள், கையில் ஃபோன் இல்லையே என்று நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இடம் புகைக்குழாய்க்குப் பக்கம்தான். பெரியவர் நின்ற இடத்தில் பேசும்போது அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அதனால் முன்பக்கம் போனாள்.

ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் ஒரு குட்டி முள். ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. முள் கழித்தல் பக்கம், இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பந்து ஹாரனை அடித்தபோது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

சித்தப்பா முறுக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்து நிற்கும்போது, அது வலப்பக்கம் அல்லவா நின்றிருந்தது?

"சித்தப்பா! இந்த முள்ளைப் பாருங்க!"

"நான் அப்பா" என்றார் சித்தப்பா, டப்பாவை எடுக்காமல்.

"அப்பா வேஷம் போதும், இங்க வாங்க!"

சித்தப்பா குதித்து இறங்கி வந்து பார்த்தார். அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணி, கொஞ்சம் முறுக்குங்க."

அம்மா முறுக்கினார். முள் எழுந்து நடுவுக்கு வந்து, வலப்பக்கம் போனது. கையை விட்டதும் சோம்பேறிபோல மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது.

"இடப்பக்கம் போனா என்ன அர்த்தம் சித்தப்பா?"

"பேட்டரியிலேர்ந்து கரண்ட் வெளியே போகுதுன்னு அர்த்தம். வலப்பக்கம்னா உள்ளே வருது. வண்டி வேகமா ஓடினாத்தான் டைனமோ நிரப்பும். மெதுவா நின்னுக்கிட்டு இருந்தா அதுக்குத் தெம்பு பத்தாது. நான்தான் வந்தாலே ஒரு சுத்து சுத்திடறேனே. எனக்கு எப்படி இது தெரியும்?"

நோண்டி யோசித்தாள். "அப்போ நாங்க வாரா வாரம் குழாயத் திறந்து விட்டுட்டு, தொட்டியில தண்ணி ஏத்தாமலே வந்திருக்கோம்."

"அதேதான்! பெரியவர் மேல ஒரு குத்தமும் இல்ல. பாவம், பேசிப் பேசியே தீர்ந்து போயிருக்காரு."

"அப்ப இங்கயே நிறுத்தி வெச்சு முறுக்கிட்டே இருக்கலாமே?" என்றான் பந்து.

"சூடாயிடுவார்டா. காத்து பட ஓட வேண்டிய வண்டி இது. நீ ஒண்ணு பண்ணு, அந்த லைட்டைப் போடாதே. பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்."

பந்துவின் துள்ளல் நின்றது. "லைட்டு போடணும்."

"ஏன்டா? ஃபோன்ல லைட்டு தெரியுமா?"

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்." அவன் ஹெட்லைட்டின் கண்ணாடியை விரலால் தேய்த்தான். "ஆனா அப்பா பேசறப்போ நம்ம வீடு இருட்டா இருக்கக்கூடாது."

நோண்டி தம்பியின் தலையில் கை வைத்தாள்.

"லைட்டு இருக்கட்டும் சித்தப்பா. லைட்டும் வேணும், சத்தமும் வேணும். அதுக்குப் பெரியவர் ஊர் சுத்தணும், அவ்வளவுதானே?"

"நான் வேணா வாரா வாரம் வந்து ஓட்டறேன்" என்றார் சித்தப்பா.

நோண்டி அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, உனக்கு ஓட்டத் தெரியும்ல?"

"தெரியுமாவா!" என்று சித்தப்பா குறுக்கே விழுந்தார். "கல்யாணமான புதுசுல அண்ணிதான் ஓட்டுவாங்க. அண்ணன் பின்னாடி கண்ணை இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"அதெல்லாம் எப்பவோ" என்றார் அம்மா. ஆனாலும் ஸ்டாண்டிலிருந்து பெரியவரை இறக்கி, ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தெருவும் தெரியவில்லை, வாசலும் தெரியவில்லை. கொட்டகையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது.

அது அப்பாவின் உயரத்துக்குத் திருப்பி வைத்த கண்ணாடி. அவர் புறப்பட்டுப் போன நாளிலிருந்து யாரும் அதை அசைக்கவில்லை. துடைக்கும்போதுகூட, திரும்பிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அம்மா துடைப்பார். இப்போது அதன் விளிம்பில் விரலை வைத்தார். திருப்பவில்லை.

"அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றார்.

நோண்டி பக்கத்தில் போய் நின்றாள். "திருப்பிக்கோம்மா. அப்பா வந்ததும் அவரே மறுபடி சரி பண்ணிக்கட்டும். வந்ததும் செய்ய அவருக்கும் ஒரு வேலை வேணும்ல?"

அம்மா சிரித்தார். கண்ணாடியை மெதுவாகத் திருப்பினார். அதில் கூரை நகர்ந்தது, சுவர் நகர்ந்தது, அப்புறம் இரண்டு முகங்கள் வந்து நின்றன. ஒன்று நோண்டியுடையது. இன்னொன்றில் முன்பல் இல்லை.

அன்று பெரியவர் தெருக்கோடிவரை திக்கித் திணறிப் போனார். ஒருமுறை நடுவழியில் நின்றும் போனார். சித்தப்பா கூடவே ஓடினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குக் கை பழகிவிட்டது.

சாயங்காலம் ஃபோன் வந்தது. பந்து பல் விஷயத்தைச் சொன்னான். செருப்பு விஷயத்தையும், கொஞ்சம் தயங்கிவிட்டு, சொன்னான். அப்பா அவனுக்கு என்ன பதில் சொன்னார் என்று நோண்டிக்குக் கேட்கவில்லை. ஆனால் பந்து மறுபடி துள்ள ஆரம்பித்துவிட்டான்.

அப்பா தொண்டையைச் செருமினார். "சரி. பெரியவர்..."

அவர் முடிப்பதற்குள் அம்மா உதைத்தார். டப்... டப்... டப்... ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. ஹாரனுக்குச் சளி பூராவும் போயிருந்தது. நோண்டி ஃபோனைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து 'கடக்' என்று கியர் விழுந்தது. பெரியவர் கொட்டகையைவிட்டு உருண்டார்.

"ஏய், என்ன இது? சத்தம் தள்ளிப் போகுதே!" என்று அப்பா பதறினார். "யாரு எடுத்துட்டுப் போறா?"

"அம்மாதான்! பேட்டரி நிரம்ப ஒரு சுத்து!" என்று கத்தினான் பந்து.

மிகவும் மெதுவாக, "அம்மாவா?" என்றார் அப்பா.

நோண்டியும் பந்துவும் வாசலுக்கு ஓடினார்கள். பெரியவரின் சத்தம் தெருவில் போய்க்கொண்டே இருந்தது. முனையில் திரும்பியது. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆகி, இல்லாமலே போனது.

"இப்போ கேக்குதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"எனக்கும் கேக்கல."

அப்பாவின் பக்கத்தில் ஒரு மணி அடித்தது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். கப்பல் கிளம்பப் போகிறது போலும். நோண்டி ஃபோனைத் தெருமுனைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கை கடுத்தது. இறக்கவில்லை. பந்து வாசல் கேட்டின் மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தான். அவன் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

ரொம்பத் தூரத்தில், பக்கத்துத் தெருக்களுக்கும் அப்பால், ஏதோ ஒன்று டப்... என்றது.

"அப்பா, வருது!"

மணி மறுபடியும் அடித்தது. "வந்துட்டேன், வந்துட்டேன், ஒரு நிமிஷம்!" என்று அப்பா யாரிடமோ சொல்வது கேட்டது. அப்புறம் அவர் குரல் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்தது.

"அம்மாவுக்குக் கை காட்டு. அவசரமே இல்லைன்னு சொல்லு. மெதுவாவே வரட்டும்."